தெர்மாகோல் வெட்டும் சூட்டுக்கம்பிக் கருவி: மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு வீட்டிலேயே செய்வது எப்படி?

கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள், ஏரோமாடலிங் ஆர்வலர்கள், பெட்டிக்குள் பொருள் ஆடாமல் இருக்க அச்சு வெட்டும் சிறு தொழில் செய்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கத்தியால் அறுத்தால் தெர்மாகோல் மணி மணியாக உதிர்கிறது, விளிம்பு பிய்கிறது. சூடான நிக்ரோம் கம்பியால் வெட்டினால் விளிம்பு வழவழப்பாக வரும். கடையில் விற்கும் பேனா வடிவக் கருவிகள் பலவற்றில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வழி இருப்பதில்லை. அரை அங்குலத் தகட்டுக்கும் நான்கு அங்குலக் கட்டிக்கும் ஒரே சூடுதான்.

இதை நானே செய்ய முனைந்தபோது பட்ட சிரமத்துக்கு ஒரே காரணம்தான். கிடைத்த குறிப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பிக்கு, ஒவ்வொரு நீளத்துக்கு எழுதப்பட்டிருந்தன. ஒன்றில் 12 வோல்ட், இன்னொன்றில் 5 வோல்ட், வேறொன்றில் 24 வோல்ட். எதற்காக அந்த எண் என்று யாரும் சொல்லவில்லை. அடாப்டரை முதலில் வாங்கிவிட்டுக் கம்பியைத் தேடுபவர்கள் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வரும். வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் கம்பி, பிறகு நீளம், அதன் பிறகு மின்னோட்டம், கடைசியாக மின்னழுத்தம். இந்த வரிசை பிடிபட்டால் வீண் செலவு இல்லை.

1. தொடங்கும் முன்: சட்டமும் வீட்டு மின்சாரமும்

இரண்டு விஷயங்களை இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது சட்டம். அலங்காரத்துக்கான தெர்மாகோலை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பட்டியலில் சேர்த்து, 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசு நாடு முழுவதும் தடை செய்திருக்கிறது. தெர்மாகோல் தட்டு, கோப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. எனவே திருமண மேடை எழுத்து, விழாத் தோரணம் போன்ற வேலைகளுக்காக இந்தக் கருவியைச் செய்ய நினைத்தால் வேண்டாம். மாதிரி வடிவங்கள், விமான இறக்கை, வார்ப்பு அச்சு, வெப்பக் காப்பு, பொருள் பாதுகாப்புக்கான பொதி ஆகியவை வேறு வகை.

இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. ஃபேன் ரெகுலேட்டர் அல்லது லைட் டிம்மர் வழியாக 230 வோல்ட்டை நேரடியாக நிக்ரோம் கம்பிக்குக் கொடுக்கும் முறையைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். இந்தக் கருவியில் கம்பி வெறும் கம்பி, மேலே எந்த உறையும் கிடையாது, கை அதிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில்தான் இருக்கும். ரெகுலேட்டர் சூட்டைக் குறைக்குமே தவிர, கம்பியை மெயின் லைனிலிருந்து பிரிக்காது. வேரியாக் எனப்படும் ஒற்றைச் சுற்று மாற்றிக்கும் இதே குறை உண்டு. முத்திரையிட்ட அடாப்டரிலிருந்து வரும் 12 அல்லது 19 வோல்ட் டிசி மட்டுமே இந்தக் கருவிக்குள் நுழைய வேண்டும். 230 வோல்ட் தொடர்பான எந்தத் திருகையும் நீங்கள் கழற்றத் தேவையே இல்லாதபடிதான் கீழே உள்ள எல்லா அடிகளையும் அமைத்திருக்கிறேன்.

2. கம்பியைத் தேர்ந்தெடுத்தல்

நிக்ரோம் என்பது நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். சூடாகும்போது அதன் மின்தடை சில சதவீதம்தான் மாறும் என்பதால் கணக்குப் போட எளிது. கடையில் கேட்கும்போது "நிக்ரோம் 28 கேஜ்" என்றுதான் கேட்பீர்கள். இங்கேதான் முதல் பொறி. நம் ஊர்க் கடைகளில் கேஜ் என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவான எஸ்டபிள்யூஜி. இணையத்தில் உள்ள கணக்குகளில் பெரும்பாலும் அமெரிக்க அளவான ஏடபிள்யூஜி. 28 எஸ்டபிள்யூஜி கம்பியின் தடிமன் 0.376 மில்லிமீட்டர். 28 ஏடபிள்யூஜி என்றால் 0.32 மில்லிமீட்டர். முன்னதற்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 9.8 ஓம் மின்தடை, பின்னதற்குச் சுமார் 13.6 ஓம். ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தவறிப்போகும். ஆகவே கேஜ் எண்ணைச் சொல்வதோடு, "0.38 மில்லிமீட்டர் பக்கம்" என்று தடிமனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் கருவிக்கு 28 எஸ்டபிள்யூஜி போதும். 26 எஸ்டபிள்யூஜி இன்னும் உறுதியானது, ஆனால் அதிக மின்னோட்டம் கேட்கும், வெட்டுத் தடமும் அகலமாகும். 30 எஸ்டபிள்யூஜி நுணுக்கமான வேலைக்கு நன்றாக இருக்கும். புதியவர் கையில் அது அடிக்கடி அறுந்துபோகும்.

ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் பழுதுபார்க்கும் கடைகளில் மின் அடுப்புக்கான சுருள் கம்பி எளிதாகக் கிடைக்கும். 1000 வாட் சுருள் என்றால் முழு நீளத்துக்கும் ஏறத்தாழ 53 ஓம். அதை நீட்டிப் பயன்படுத்தலாம், ஆனால் நீட்டிய பிறகும் சிறு வளைவுகள் தங்கிவிடும். அந்த வளைவு ஒவ்வொன்றும் வெட்டுப் பரப்பில் வரி வரியாகத் தெரியும். நேர் கம்பி கிடைத்தால் அதையே வாங்குங்கள். உடைந்தால் மாற்றுவதற்கும் சேர்த்து ஐந்து மீட்டர் போதும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு மீட்டர் அளந்து மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொட்டுப் பாருங்கள். 0.3 அல்லது 0.5 என்று ஏதாவது காட்டும். அது மீட்டரின் சொந்த ஒயர்களின் தடை. கம்பியின் அளவிலிருந்து அதைக் கழித்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். நான்கு ஓம் கம்பியில் அரை ஓம் தவறு என்பது சிறிய தவறில்லை.

3. கணக்கு: ஒரு தாளில் முடியும் வேலை

கம்பி எவ்வளவு சூடாகும் என்பதை முடிவு செய்வது அதில் ஓடும் மின்னோட்டம். அந்த மின்னோட்டத்தை ஓடவைக்க எத்தனை வோல்ட் வேண்டும் என்பதை முடிவு செய்வது கம்பியின் நீளம். இந்த இரண்டு வரிகளையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றவர்களின் 5 வோல்ட், 12 வோல்ட், 24 வோல்ட் எல்லாம் ஏன் என்று புரிந்துவிடும்.

28 எஸ்டபிள்யூஜி கம்பி தெர்மாகோலை வெட்டும் சூட்டுக்கு வர 1.1 ஆம்பியரிலிருந்து 1.5 ஆம்பியர் வரை போதும். 1.5 என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

40 சென்டிமீட்டர் கம்பியின் மின்தடை 3.9 ஓம். 1.5 ஆம்பியரால் பெருக்கினால் 5.9 வோல்ட். செலவாகும் திறன் ஏறத்தாழ 9 வாட்.

60 சென்டிமீட்டருக்கு 5.9 ஓம், 8.8 வோல்ட், 13 வாட்.

ஒரு மீட்டருக்கு 9.8 ஓம், 14.7 வோல்ட், 22 வாட்.

12 வோல்ட் அடாப்டர் 60 சென்டிமீட்டர் வரை தாராளமாகப் போதும் என்பதும், முழு மீட்டர் இறக்கை வெட்ட வேண்டுமென்றால் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டருக்குப் போக வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. அடாப்டருக்கும் கம்பிக்கும் நடுவே வரும், மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாட்யூல் என்ற சிறு மின்சுற்றுப் பலகை, உள்ளே வருவதைவிட அதிகமாக எதையும் வெளியே தராது. 12 வோல்ட் கொடுத்தால் 11 வோல்ட் பக்கம்தான் அதன் உச்சம்.

இன்னொன்றும் தெரிகிறது. 40 சென்டிமீட்டர் கம்பியை 12 வோல்ட்டில் நேரடியாக மாட்டினால் 3 ஆம்பியருக்கு மேல் ஓடும், 37 வாட் செலவாகும். தேவையோ 9 வாட். கம்பி செந்நிறமாகப் பழுத்துத் தெர்மாகோலைப் பொசுக்கிவிடும். இடையில் மாட்யூல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

4. வாங்க வேண்டியவையும் செலவும்

கணக்கு முடிந்த பிறகு கடைக்குப் போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் அநேகமாக எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்தோ சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்தோ நடக்கும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு மேல் போனால் கூட்டம் சேர்வதற்குள் நின்று பேசி வாங்கலாம். வெளியூர்க்காரர்கள் இணையத்தில் வாங்கினால் ஒரு வாரம் ஒதுக்கிவையுங்கள். எல்லாவற்றையும் ஒரே விற்பனையாளரிடம் எடுத்தால் அனுப்பும் செலவு மிச்சம்.

விலைகளைத் தோராயமாகத்தான் சொல்கிறேன், கடைக்குக் கடை மாறும். 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் 300 முதல் 450 ரூபாய். மின்னழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்எல்4015 மாட்யூல், மின்னோட்ட வரம்பு வைக்கும் வசதியோடு 150 முதல் 250. வோல்ட், ஆம்பியர் இரண்டையும் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர் 200 முதல் 300. நிக்ரோம் கம்பி 100 பக்கம். 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பினால் மின்தடை மாறும் பாகம்) குமிழோடு 40. டிசி ஜாக், ஃபியூஸ் கூடு, 3 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ், அழுத்தும்வரை மட்டும் இயங்கும் சுவிட்ச், எல்லாம் சேர்த்து 150. பிளாஸ்டிக் பெட்டி 120. ப்ளைவுட் துண்டு, ரீப்பர், பித்தளை போல்ட், வாஷர், சிறு ஸ்பிரிங் எல்லாம் 250. ஆக 1,300 முதல் 1,700 ரூபாய்க்குள் முடியும். மல்டிமீட்டரும் 25 வாட் சால்டரிங் அயர்னும் இல்லாதவர்கள் மேலும் 700 ரூபாய் சேர்த்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

எல்எம்2596 என்ற மாட்யூல் இதைவிட மலிவு, எங்கும் கிடைக்கும். அதில் 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் தொடர்ந்து 2 ஆம்பியருக்கு மேல் எடுத்தால் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அதைவிடப் பெரிய குறை, அதன் சாதாரண வகையில் மின்னோட்ட வரம்பு வைக்க முடியாது. நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

மோட்டார் வேகக் கட்டுப்பாடு என்று பிடபிள்யூஎம் கருவிகளும் கிடைக்கும். அவை மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. முழு 12 வோல்ட்டையே வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கின்றன. கம்பி சூடாகும் என்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் முழு 3 ஆம்பியரும் பாயும். அடாப்டர் சிறியதாக இருந்தால் அது தடுமாறி அணைந்து அணைந்து எரியும்.

5. ஆவணங்களைப் பார்த்து வாங்குங்கள்

ஆயிரத்துச் சொச்ச ரூபாய் வேலைக்கு ஆவணமா என்று நினைக்காதீர்கள். மூன்று காகிதங்கள் வேண்டும்.

முதலாவது, அடாப்டரின் முதுகில் உள்ள லேபிள். அதில் பிஐஎஸ் எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், ஐஎஸ் 13252 போன்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு என்று வந்துவிடும். கடையில் நின்றுகொண்டே பார்க்கலாம். லேபிளில் உள்ள நிறுவனமும் செயலி காட்டும் நிறுவனமும் வேறாக இருந்தால் வாங்க வேண்டாம். இந்தக் கருவியில் உங்கள் விரலுக்கும் 230 வோல்ட்டுக்கும் இடையே இருக்கும் ஒரே சுவர் அந்த அடாப்டருக்குள் இருக்கிறது. எல்இடி பலகை செய்பவர்கள் பயன்படுத்தும், ஓட்டை போட்ட தகரப்பெட்டி எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டைக் குறைந்த டிசியாக மாற்றும் பெட்டி) விலை குறைவு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதன் 230 வோல்ட் திருகுகள் வெளியே தெரியும். வேண்டாம்.

இரண்டாவது, மாட்யூலின் படம். எந்த முனை எது, எந்தத் திருகு எதற்கு என்ற படத்தை விற்பனைப் பக்கத்திலிருந்து சேமித்து வையுங்கள், அல்லது கடைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் விற்கும் மாட்யூல்களில்கூடத் திருகுகளின் இடம் மாறியிருக்கும்.

மூன்றாவது, பில். சிறு சாமான்களுக்குப் பில் தர மறுக்கும் கடையிலும் அடாப்டருக்கு மட்டுமாவது கேட்டு வாங்குங்கள். வேலை செய்யாத அடாப்டரைத் திருப்பிக் கொடுக்க அது ஒன்றே வழி.

6. சட்டகம் அமைத்தல்

மேசை மீது வைத்து வெட்டும் வகையைத்தான் புதியவர்களுக்குச் சொல்வேன். கையில் பிடிக்கும் வில் போன்ற வகையில் கம்பி நேராக நிற்பது உங்கள் கையைப் பொறுத்தது. மேசை வகையில் கம்பி நிலையாக நிற்கும், தெர்மாகோலை நீங்கள் நகர்த்தினால் போதும்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி ப்ளைவுட்டை மேசைப் பலகையாக எடுத்துக்கொள்ளுங்கள். பின்விளிம்பில் ஒரு ரீப்பரை நிமிர்த்தி நிறுத்தி, அதன் தலையிலிருந்து முன்பக்கமாக இன்னொரு ரீப்பரை நீட்டுங்கள். அந்தக் கையின் நுனிக்கு நேர் கீழே பலகையில் மூன்று மில்லிமீட்டர் துளை. கம்பி மேலே கையிலிருந்து இறங்கி, துளை வழியாகப் பலகைக்கு அடியில் போய்ச் சேரும். துளையில் சூடான கம்பி மரத்தைத் தொட்டால் கருகும். அங்கே பீங்கான் மணி ஒன்றைப் பதித்துவிடுங்கள். பழைய மின் அடுப்பு, அயர்ன் பாக்ஸுக்குள் இருக்கும் வெள்ளை மணி அதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். கம்பியின் நுனியைச் சால்டர் செய்ய முயலாதீர்கள். நிக்ரோமில் ஈயம் ஒட்டாது, ஒட்டியதுபோல் தெரிந்தாலும் சூட்டில் உருகி விழும். பித்தளை போல்ட்டில் இரண்டு வாஷர்களுக்கு நடுவே கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி நட்டை இறுக்குங்கள். செம்பு ஒயரும் அதே போல்ட்டில் லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) போட்டு இறுக வேண்டும்.

அடுத்தது ஸ்பிரிங். 40 சென்டிமீட்டர் நிக்ரோம் சூடானால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். குளிர்ந்த நிலையில் விண்ணென்று இழுத்துக் கட்டிய கம்பிகூடச் சுவிட்ச் போட்டதும் தொய்ந்துவிடும், வெட்டு வயிறு வைத்தாற்போல் வளையும். ஒரு முனையில் சிறு ஸ்பிரிங் கொடுத்தால் நீண்டதை அது இழுத்துக்கொள்ளும். ஆனால் மின்சாரம் ஸ்பிரிங் வழியாகப் போகக் கூடாது, போனால் அது சூடாகி இழுவையை இழந்துவிடும். ஸ்பிரிங்குக்கு முன்னாலேயே கம்பியில் ஒயரை இணைத்துவிடுங்கள். கடைசியாக மூலைமட்டத்தைப் பலகையில் வைத்துக் கம்பி செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள்.

7. மின் இணைப்பு

வரிசை இதுதான்: அடாப்டர், டிசி ஜாக், ஃபியூஸ், மாட்யூல், சுவிட்ச், கம்பி. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும்.

ஜாக் வாங்கும்போது உள் ஊசியின் அளவைப் பாருங்கள். 5.5 மில்லிமீட்டர் வெளி விட்டத்தில் 2.1, 2.5 என்று இரண்டு வகை உண்டு. 2.1 அடாப்டர் முனை 2.5 ஜாக்கில் ஏறாது. தலைகீழாக இருந்தால் ஏறும், ஆனால் தொடுகை சரியாக இருக்காது, ஜாக் சுட ஆரம்பிக்கும்.

மாட்யூலில் உள்ளீடு, வெளியீடு, நேர், எதிர் நான்கையும் மார்க்கரால் பெரிதாக எழுதிவிட்டுப் பிறகு ஒயரைத் தொடுங்கள். நேரும் எதிரும் மாறினால் மாட்யூல் அந்த நொடியே போய்விடும், பெரும்பாலான மலிவு மாட்யூல்களில் அதற்குப் பாதுகாப்பு கிடையாது.

மின்னழுத்தத்தை மாற்றும் நீலத் திருகு மிகச் சிறியது. திருப்புளியோடு ஒவ்வொரு முறையும் குனிய முடியாது. அதன் தலையில் 103 என்று எழுதியிருந்தால் 10 கிலோஓம், 503 என்றால் 50 கிலோஓம். அதே மதிப்பில் குமிழ் வைத்த பொட்டென்ஷியோமீட்டரை அதன் இடத்தில் மாற்றிப் பெட்டியின் முகப்பில் பொருத்தலாம். ஒயர்கள் குட்டையாக இருக்கட்டும், பத்து சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். இந்த ஒயர் எப்போதாவது அறுந்துபோனால் மாட்யூல் முழு மின்னழுத்தத்தையும் வெளியே தள்ளும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த அடியில் வைக்கப்போகும் மின்னோட்ட வரம்பு அந்த நேரத்தில்தான் உங்களைக் காப்பாற்றும்.

டிஜிட்டல் மீட்டரில்தான் பலர் சிக்குகிறார்கள். அதில் தடித்த ஒயர்கள் வழியாக மின்னோட்டமும், மெல்லிய ஒயர்கள் வழியாக மீட்டர் இயங்குவதற்கான மின்சாரமும் போகும். நிறங்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், அதனோடு வந்த படத்தை மட்டும் நம்புங்கள். எக்ஸ்எல்4015 மாட்யூல் மின்னோட்டத்தை அளக்கும் இடம் அதன் எதிர் முனைப் பாதையில், உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே இருக்கிறது. மீட்டரின் மெல்லிய கறுப்பு ஒயரை உள்ளீட்டு எதிர் முனையிலும் தடித்த கறுப்பை வெளியீட்டு எதிர் முனையிலும் மாட்டினால், அந்த அளவிடும் இடத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு குறுக்கு வழி உருவாகிவிடும். எல்லாம் சரியாக எரியும், எண்களும் ஓடும், வரம்பு மட்டும் வேலை செய்யாது. இந்த இரண்டு கறுப்பும் மீட்டருக்குள்ளேயே இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். இணைந்திருந்தால் மெல்லிய கறுப்பை எதிலும் மாட்டாமல் டேப் சுற்றி விட்டுவிடலாம்.

சுவிட்ச் அழுத்தும்வரை மட்டும் இயங்குவதாகவே இருக்கட்டும். காலால் மிதிக்கும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. யாராவது கூப்பிட்டு நீங்கள் எழுந்து போனாலும் கம்பி தானாகக் குளிர்ந்துவிடும்.

8. வரம்பு வைத்தல்

கம்பியை இன்னும் இணைக்க வேண்டாம். மாட்யூலின் வெளியீட்டில் மல்டிமீட்டரை வைத்து மின்னழுத்தத்தை 5 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மின்னோட்டத் திருகைக் குறைவான பக்கத்துக்கு நன்றாகத் திருப்புங்கள். இந்தத் திருகுகள் பல சுற்றுகள் திரும்பும், ஒரு சுற்றில் எதுவும் மாறவில்லையே என்று பயப்படத் தேவையில்லை.

இப்போது மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, குமிழையும் அந்த அளவுக்கு வைத்து, வெளியீட்டின் இரு முனைகளையும் அதனால் தொடுங்கள். மாட்யூல் வரம்பு நிலைக்குப் போய்ச் சிறு விளக்கு எரியும். திருகைச் சிறிது சிறிதாகக் கூட்டி 2 ஆம்பியரில் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் சில நொடிகள்தான், பிறகு எடுத்துவிட்டு மீட்டர் ஆற நேரம் கொடுங்கள். முடிந்த கையோடு சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கு மாற்றிவிட வேண்டும். மறந்துவிட்டு அடுத்த தடவை வோல்ட் பார்க்கப் போனால், மீட்டர் நேரடிக் குறுக்கிணைப்பாகிவிடும்.

இனி குமிழை எவ்வளவு திருகினாலும் 2 ஆம்பியரைத் தாண்டாது.

9. முதல் வெட்டு

ஜன்னலைத் திறந்து, ஃபேன் காற்று உங்கள் முகத்துக்கு எதிரில் வராமல் வெளியே போகும்படி வையுங்கள். தெர்மாகோல் உருகும்போது ஸ்டைரீன் ஆவி வரும். குழந்தைகள் உள்ள அறையில் வேண்டாம்.

எதை வெட்டலாம் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். மணி மணியாகத் தெரியும் தெர்மாகோல், நெருக்கமான நுரை போன்ற எக்ஸ்பிஎஸ் பலகை, இரண்டும் பாலிஸ்டைரீன், வெட்டலாம். விளம்பரப் பலகைக் கடைகளில் கிடைக்கும் சன்போர்டு பிவிசி. சூட்டில் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரலை அரிக்கும். மெத்தை, இருக்கைகளில் உள்ள மஞ்சள் நுரை பாலியூரிதேன், அதன் புகையில் சயனைடு வரை உண்டு. இரண்டையும் இந்தக் கம்பியின் பக்கமே கொண்டுவராதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு மூலையில் அசிட்டோன் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பாலிஸ்டைரீன் அந்த இடத்திலேயே கரைந்து பள்ளமாகும்.

குமிழை 2 வோல்ட்டில் தொடங்கி அரை அரை வோல்ட்டாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் சில நொடி காத்திருந்து ஒரு துண்டைக் கம்பியில் மெல்ல வையுங்கள். தள்ளினால் கம்பி வளைகிறதா, சூடு போதாது. தொடும் முன்பே பொருள் உருகி விலகுகிறதா, புகை எழுகிறதா, சூடு அதிகம். சரியான சூட்டில் தெர்மாகோல் கம்பியை எதிர்க்காமல் நகரும், வெட்டிய பிறகு பின்னால் முடி போன்ற மெல்லிய இழைகள் தெரியும், புகை கண்ணுக்குத் தெரியாது. 40 சென்டிமீட்டர் கம்பியில் இது 5 வோல்ட் சுற்றுவட்டத்தில் அமையும். கம்பி இருட்டில்கூடச் சிவக்கக் கூடாது.

வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடத்தில் குழி விழும். வளைவில் கையை நிறுத்தாமல் திருப்பப் பழக, பழைய டிவிப் பெட்டிக்குள் வந்த கழிவுத் தெர்மாகோலில் ஒரு மாலை முழுக்க வெட்டிப் பாருங்கள். நல்ல எக்ஸ்பிஎஸ் பலகையை அன்றைக்கு எடுக்காதீர்கள். ஒவ்வொரு தடிமனுக்கும் சரியாக வந்த வோல்ட்டைப் பெட்டியின் மூடியில் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

10. நேரக் கணக்கு

சாமான்கள் கையில் இருந்தால் சட்டகம் ஓர் அரை நாள், மின் இணைப்பும் வரம்பு வைத்தலும் இன்னோர் அரை நாள். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். ஃபெவிகால் காய இரவு முழுவதும் விட வேண்டும், களைத்த கண்ணோடு மாட்யூலில் ஒயர் மாட்டுவதும் நல்லதில்லை. கல்லூரி ஒப்படைப்புக்காகச் செய்பவர்கள் குறைந்தது பத்து நாள் முன்னால் தொடங்குங்கள்.

11. பேட்டரியில் இயக்கலாமா?

முதல் கருவியில் வேண்டாம். 18650 லித்தியம் செல்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 11 வோல்ட் சொச்சம் கிடைக்கும், கணக்குக்குப் பொருந்தும். ஆனால் பாதுகாப்பு மாட்யூல், சரியான சார்ஜர், செல்களுக்கிடையே சமநிலை என்று மூன்று புதுத் தலைவலிகள் சேர்ந்துவிடும். குறுக்கிணைப்பானால் லித்தியம் செல் தீப்பிடிக்கும், அதன் பக்கத்திலேயே எளிதில் எரியும் தெர்மாகோல் குவிந்திருக்கும். தெருவோரம் விற்கும் 9900 எம்ஏஎச் என்று அச்சிட்ட செல்கள் எல்லாம் போலி. 18650 அளவுள்ள செல்லில் உண்மையாகக் கிடைப்பது 3500 எம்ஏஎச் பக்கம்தான்.

12. பராமரிப்பு

கம்பியில் கறுப்புப் படிவு சேரும். தெர்மாகோல் இல்லாமல் சில நொடி சூடாக்கி அணைத்து, ஆறிய பிறகு காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். போல்ட்டுகள் சூட்டில் தளரும், மாதம் ஒருமுறை நட்டை இறுக்குங்கள். தளர்ந்த இணைப்பு கம்பியைவிட அதிகமாகச் சுட்டு மரத்தைக் கருக்கும். மாட்யூலின் மீது ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) ஒட்டி, பெட்டியின் இரண்டு பக்கமும் நான்கைந்து துளைகள் போடுங்கள். ஃபியூஸ் போனால் அதே 3 ஆம்பியரில் மாற்றுங்கள், கம்பித் துண்டை வைத்து ஒட்டவைக்காதீர்கள்.

கம்பி அறுந்தால் அதே நீளத்தில் புதிய துண்டு போட்டு, ஓம் அளந்து, பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மூடியில் எழுதிய வோல்ட்டுகளையே பயன்படுத்தலாம். நீளத்தை மாற்றினால் 3-ஆம் அடியின் கணக்கை மறுபடி போட்டு, அந்த எண்களை அழித்துப் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.